வில்லியனூர் மாதா தெரியும்... லூர்து குகையில் அந்த மாதாவைப் பார்த்த பெர்னதெத் யார்?

ஈஸ்டர் முடிந்த அடுத்த சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோயிலில் கொடி ஏறும். தேர்பவனி வரைக்கும் புதுச்சேரி டவுனிலிருந்து பஸ்ஸிலும் பைக்கிலும் நடந்தும் கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். அங்கே இருப்பது லூர்து அன்னை. லூர்துசாமி, லூர்துமேரி என்று பேர் வைத்தவர்கள் இல்லாத தெருவே இந்தப் பக்கம் குறைவு. லூர்து என்பது பிரான்ஸில் ஒரு மலையடிவார ஊர். அந்த ஊரை உலகத்துக்குத் தெரியவைத்த பெண்ணின் பேர்தான் பலருக்கும் தெரியாது.

பெர்னதெத் சூபிரூ பிறந்தது 1844 ஜனவரி 7. அப்பா மாவு மில் நடத்தியவர். தொழில் நொடித்துப்போய், கடைசியில் குடும்பமே ஒரே அறையில் ஒண்டிக்கொண்டது. அந்த அறை முன்பு சிறையாக இருந்தது. ஆரோக்கியத்துக்கு ஆகாது என்று கைதிகளையே வைக்காமல் விட்ட இடம். சின்ன வயதில் காலரா, பிறகு ஆயுசு முழுக்க ஆஸ்துமா. 14 வயதிலும் எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சும் சரியாக வராது, வட்டாரப் பேச்சுதான்.

1858 பிப்ரவரி 11. விறகு பொறுக்கப் போன இடத்தில், ஆற்றோரக் குகையில் வெள்ளை உடையில் ஒரு பெண்ணைப் பார்த்ததாகச் சொன்னார். ஜூலை 16 வரை மொத்தம் 18 தடவை. ஆரம்பத்தில் அது மாதா என்று பெர்னதெத் சொல்லவே இல்லை. வெறும் ‘அது’ என்றுதான் குறிப்பிட்டார். பிப்ரவரி 25-ம் தேதி, கூட்டம் பார்க்கப் பார்க்க, தரையைத் தோண்டிச் சேற்றுத் தண்ணீரைக் குடித்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் சிரித்தது. இன்று லட்சக்கணக்கானோர் பாட்டிலில் பிடித்துப் போகும் தண்ணீர் அந்த ஊற்றுடையதுதான்.

போலீஸ் கமிஷனர் கூப்பிட்டு மிரட்டிப் பார்த்தார். பங்குச் சாமியாரும் லேசில் நம்பவில்லை. எத்தனை பேர் குறுக்கு விசாரணை செய்தும் சொன்னதை மாற்றவில்லை. காசு கொடுத்தால் வாங்கவும் மாட்டார். வீட்டில் அடுப்பெரியாத நாட்களிலும் அப்படித்தான் என்பதை யோசித்தால் அது சாதாரண விஷயம் இல்லை. 1862-ல் ஆயர் இந்தக் காட்சிகளை அங்கீகரித்தார்.

அதற்கப்புறம்தான் பெர்னதெத்துக்கு உண்மையான தொல்லை. பார்க்க வருகிறவர்கள் விடுவதாக இல்லை. 1864-ல் குகையில் வைக்கச் சொரூபம் செய்தார்கள். தான் பார்த்தது போல இல்லை என்று சொல்லிவிட்டார். வெள்ளை உடை, நீலக் கச்சை என்று உலகம் முழுக்கப் பரவியது அந்த உருவம்தான். 1866-ல் லூர்துக்கு ரயில் வந்தது. அதே வருஷம் ஜூலையில் அவர் ஊரை விட்டே கிளம்பி, பிரான்ஸின் நடுவில் இருக்கும் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். திரும்பவே இல்லை.

மடத்தில் அவருக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. பயிற்சி கொடுத்த மதர் ரொம்பக் கண்டிப்பானவர். பெர்னதெத் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு தானே நோயாளியானார். முழங்கால் எலும்பில் காசநோய். 1876-ல் லூர்து பேராலயம் அபிஷேகம் செய்யப்பட்டபோதும் அவர் போகவில்லை. லூர்து ஊற்றில் எத்தனையோ பேர் குணமானதாகப் பேச்சு. அந்த ஊற்றைத் தோண்டிய கை நெவேரில் படுக்கையில் கிடந்தது.

வில்லியனூர் கதை இங்கேதான் குறுக்கிடுகிறது. அப்போது அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி, பிரெஞ்சு மிஷனரிகள் வேலை செய்த இடம். 1877-ல் பிரான்ஸிலிருந்து கப்பலில் லூர்து அன்னை சொரூபம் அங்கே வந்து சேர்ந்தது. பெர்னதெத் அப்போது உயிரோடு இருந்தார். குகையில் நடந்து 19 வருஷத்துக்குள், கடல் தாண்டித் தமிழ் பேசுகிற ஊரில் அந்த மாதாவுக்குக் கோயில்!

1879-ல் ஈஸ்டர் ஏப்ரல் 13. மூன்று நாள் கழித்து, புதன்கிழமை, நாற்காலியில் சாய்ந்தபடி பெர்னதெத் இறந்தார். வயது 35. 1933 டிசம்பர் 8-ல் திருத்தந்தை 11-ம் பயஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். காட்சி கண்டதற்காகக் கொடுத்த பட்டம் இல்லை அது. அவர் வாழ்ந்த விதத்துக்காக. உடல் நெவேரில் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. முகத்தின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு.

திருநாள் பிரான்ஸில் பிப்ரவரி 18, மற்ற இடங்களில் இறந்த நாளான ஏப்ரல் 16. ஈஸ்டர் ஏப்ரல் முதல் வாரத்தில் வருகிற வருஷங்களில், வில்லியனூரில் கொடி பறக்கிற நாட்களுக்குள்ளேயே அந்தத் தேதியும் வந்துபோகும்.