தீர்மானத்திலிருந்து தண்டனைப் பிரிவு வரை: இரட்டைமலை சீனிவாசனின் சட்டப் பயணம்

இரட்டைமலை சீனிவாசனை நாம் பெரும்பாலும் இலண்டன் வட்டமேசை மாநாட்டோடு சேர்த்தே நினைவுகூர்கிறோம். அம்பேத்கருக்கு அருகில் நின்ற மூத்த தலைவர் என்ற சித்திரம் உண்மையானதுதான், ஆனால் முழுமையானதன்று. அவருடைய அரை நூற்றாண்டுப் பொதுவாழ்வைச் சட்டம் பயின்றவர்களின் கண்கொண்டு வாசித்தால் ஓர் இழை தெளிவாகப் புலப்படுகிறது. உரிமையைக் கேட்டு மனு எழுதுவதில் தொடங்கி, அதை அரசே அறிவிக்கச் செய்து, இறுதியில் உரிமையை மறுப்பவரைத் தண்டிக்கும் சட்டத்தைக் கோரும் இடத்திற்கு அவர் வந்துசேர்ந்தார்.

1857 எழுச்சி அடங்கிய சில ஆண்டுகளில், செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் அவர் பிறந்தார். கோயம்புத்தூரில் கல்வி பயின்ற நாள்களில், ஏறத்தாழ நானூறு மாணவர்களில் பத்துப்பேர் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனர்கள். தம் ஊரும் உறவும் வெளிப்பட்டால் இழிவுக்கு ஆளாக நேருமென்று அஞ்சி, சக மாணவர்களோடு விளையாடுவதையும் பேசுவதையும் தவிர்த்தார். பள்ளிக்கூடம் அவரை வெளியேற்றவில்லை. ஆயினும் அங்கே அவர் ஒளிந்தே வாழவேண்டியிருந்தது. எழுதப்படாத தடை எவ்வளவு வலிமையானது என்பதை அவர் முதலில் கற்ற இடம் அதுவே.

நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய பின் 1890இல் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் இதழ் ஒன்றைத் தொடங்கி, ஒளித்துவைத்த அதே அடையாளத்தையே அதற்குப் பெயராகச் சூட்டினார்: பறையன். அந்த இதழ் அவரை நீதிமன்றத்திற்கும் இழுத்துச் சென்றது. அவதூறு வழக்கில் நூறு ரூபாய் அபராதம் செலுத்தினார். சட்டத்தின் கை தம் மக்களைப் பிடிக்க எவ்வளவு விரைவாக நீளும் என்பதை இதழாசிரியராக அவர் அறிந்துகொண்டார். அதே சட்டத்தைத் தம் மக்களுக்காக நீளச்செய்வது எப்படி என்பதே அதன்பின் அவருடைய கேள்வியாயிற்று.

அக்காலத்தில் அவர் கையிலிருந்த கருவி மனு ஒன்றே. இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரசு கேட்டபோது, அதிகாரம் முழுவதும் சாதி இந்துக்களின் கைக்கே போய்ச்சேரும் என்று அவர் எதிர்த்தார். 112 அடி நீளமும் 3412 கையெழுத்துகளும் கொண்ட அந்த எதிர்ப்பு மனு பிரிட்டன் நாடாளுமன்றத்திற்குச் சென்றது. கையெழுத்திடும் உரிமைகூடப் பலருக்கு எட்டாதிருந்த காலத்தில் அது பெரும் அமைப்புப் பணி. எனினும் மனு என்பது பிறருடைய மனத்தை நம்பியே நிற்பது. ஏற்பதும் தள்ளுவதும் பெறுபவரின் விருப்பம்.

1900 வாக்கில் கடல் கடந்த அவர், சுமார் இருபது ஆண்டுகளை ஆப்பிரிக்காவில் கழித்தார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களுக்கும், அவர்கள் மொழி தெரியாத நீதிமன்றத்திற்கும் இடையில் நிற்கும் பணி அது. பாதிக்கப்பட்டவரின் சொல் பதிவேட்டில் ஏறினால்தான் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அது நிகழ்ந்தது. ஏறாத துயரத்திற்குச் சட்டத்தில் இடமில்லை. நீதிமன்றங்களில் வாதாடும் நாம் நாள்தோறும் காணும் உண்மையும் அதுதான்.

தாயகம் திரும்பியபின் 1923இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் அங்கே நிறைவேறியது. பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக்கிணற்றிலும் குளத்திலும் நீரெடுக்கவும், அரசு அலுவலகங்களிலும் பொது இடங்களிலும் நுழையவும் எந்த வகுப்பினருக்கும் தடையில்லை என்பதே அதன் சாரம். அடுத்த மாதமே அரசாணையும் வெளிவந்தது. இன்று நாம் குடிமை உரிமை என்று அழைப்பதன் தமிழ்நாட்டு முன்வடிவங்களுள் முதன்மையானது அந்த ஆணை.

ஆனால் அந்த ஆணையில் ஓர் இடைவெளி இருந்தது. தடை இல்லை என்று அது அறிவித்தது. தடுப்பவருக்கு என்ன நேரும் என்று கூறவில்லை. அதே ஆண்டு நவம்பரில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டின் கல்பாத்தித் தேர்த்திருவிழாவில், அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். அமைதி குலையும் என்று காரணம் காட்டி, தெருவில் நடக்க வந்தவர்களைத் தடுக்கும் உத்தரவுகளே பிறந்தன. அடித்தவரை விட்டுவிட்டு நடந்தவரைத் தடுக்கும் இந்த முறை நமக்குப் புதியதன்று. அடுத்த சில ஆண்டுகளில் உள்ளாட்சிச் சட்டங்களில் அபராதப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. தீர்மானம் மட்டும் போதாது என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது.

அந்தப் பாடம் 1930இல் இலண்டனில் வெளிப்பட்டது. வட்டமேசை மாநாட்டின் சிறுபான்மையினர் துணைக்குழுவிடம் அம்பேத்கரும் சீனிவாசனும் இணைந்து அளித்த கோரிக்கை ஆவணத்தைச் சட்ட மாணவர்கள் ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டும். பிரதிநிதித்துவம் அதில் நான்காவது கோரிக்கையாகவே வருகிறது. முதலில் சமக் குடியுரிமை. அடுத்து, அந்த உரிமையைத் தடையின்றித் துய்ப்பதற்கான பாதுகாப்பு. தீண்டாமையின் பெயரால் உரிமையை மறுப்பது ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பின மக்களுக்காக இயற்றப்பட்ட 1866, 1875ஆம் ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களை முன்மாதிரியாகக் காட்டினார்கள். ஊர்விலக்கத்தைத் தனிக்குற்றமாக்க, 1922ஆம் ஆண்டின் பர்மா சட்டத்திலிருந்து பிரிவுகளை எடுத்தாண்டார்கள். கிணற்றில் நீரெடுத்தவருக்கு மறுநாள் வேலையும் கடையும் மறுக்கப்படும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய ஆவணம் அது.

அமெரிக்காவின் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1883இலேயே முடக்கியிருந்தது. தனியார் காட்டும் பாகுபாட்டை நாடாளுமன்றம் இவ்வாறு தடைசெய்ய இயலாது என்பது அதன் தீர்ப்பு. நமது அரசமைப்பின் 17ஆம் கூறு அந்தக் குறையைக் கடந்து நிற்கிறது. அது அரசை மட்டுமல்ல, தேநீர்க்கடைக்காரரையும் தெருக்காரரையும் கட்டுப்படுத்துகிறது.

1932இல் பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணக் குடிமைத் தடைகள் நீக்கச் சட்டம் பிறந்தது. 1945 செப்டம்பர் 18 அன்று சீனிவாசன் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து வந்த 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1930இல் அவர்கள் கேட்ட ஊர்விலக்கத் தண்டனை, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே அச்சட்டத்தில் இடம்பெற்றது.

இந்த வரலாறு புதுச்சேரியில் வாழும் நமக்கு எவ்வாறு பொருந்தும்? 1924இல் பிள்ளைச்சாவடி பிரெஞ்சு மண். தெற்கே அடுத்திருக்கும் பொம்மையார்பாளையம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. சீனிவாசன் பெற்ற அரசாணை அங்கே செல்லும், இங்கே செல்லாது. பிரெஞ்சு ஆட்சி சமத்துவத்தை முழக்கமாகவே கொண்டிருந்தது. ஆயினும் 1873இல் காலணியோடு நீதிமன்றத்தில் நுழைந்த வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, அந்த உரிமைக்காகப் பாரிசின் உச்ச மன்றம்வரை சென்றுதான் வெல்லவேண்டியிருந்தது. எந்தக் கொடியின்கீழும், முழக்கம் தானாக உரிமையாவதில்லை.

எல்லை இன்றும் அங்கேதான் இருக்கிறது. இப்போது அது மாநில எல்லை. நிகழ்விடம் எங்கள் சரகத்தில் இல்லை என்ற பதில் காவல் நிலையங்களில் எளிதாகக் கிடைக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம் என்கிறது. பதிவுசெய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராத அரசு ஊழியர் கடமையை வேண்டுமென்றே புறக்கணிப்பது ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறைக்குரிய குற்றம். 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பையும், விசாரணையில் தம் தரப்பைக் கூறும் உரிமையையும் அளிக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். 15100 என்ற எண் அதற்கானது.

பிள்ளைச்சாவடியை அடுத்த காலாப்பட்டில் அம்பேத்கர் பெயரில் அரசு சட்டக் கல்லூரி இயங்குகிறது. அங்கே பயிலும் மாணவர்கள் செய்யக்கூடிய பணி, சீனிவாசன் நேட்டாலில் செய்த பணிதான்: பாதிக்கப்பட்டவரின் சொல்லைப் பதிவேட்டில் ஏற்றுவது. நாள், நேரம், இடம், பேசப்பட்ட சாதிச்சொல், அருகிலிருந்தவர்கள் ஆகிய அனைத்தையும் அன்றே எழுதிவைக்க உதவுங்கள். புகாருக்கு ஒப்புகையும், முதல் தகவல் அறிக்கையின் இலவசப் படியும் கேட்டுப் பெறுங்கள். பல வழக்குகள் சாட்சியில்லாமல் தோற்பதற்கு முன்பே, எழுதப்படாததால் தோற்றுவிடுகின்றன.

மனுவிலிருந்து தண்டனைப் பிரிவுவரை வர அவருக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பிரிவு இன்று நம் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் மீண்டும் மனுவோடு மட்டும் நின்றுவிடுவது, அவர் கடந்துவந்த தொலைவைப் பின்னோக்கி நடப்பதாகும்.