தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஏன் 'உம்ம்'னு சத்தம் போடுது? 1842-லேயே விடை சொன்ன பீர் ஆலை முதலாளி மகன்!

விழுப்புரமோ திண்டிவனமோ, ராத்திரி பஸ் சத்தம் அடங்கினதும் தெருமுனை டிரான்ஸ்பார்மர் 'உம்ம்' என்று இரைவது நன்றாகக் கேட்கும். வெடிச்சிடுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. டிரான்ஸ்பார்மர்கள் புழக்கத்துக்கு வரும் முன்பே இந்தச் சத்தத்தின் காரணத்தைக் கண்டறிந்தவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். பிசிக்ஸ் புத்தகத்தில் வரும் அதே ஜூல்தான்.

யார் இவர்?

1818 டிசம்பர் 24-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பாவுக்கு பீர் ஆலை. ஜூல் பல்கலைக்கழகம் போனதே இல்லை. ஆனால் டியூஷன் எடுத்தவர் சாதாரண ஆள் இல்லை, அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன்!

ஆலை வேலைக்கு நடுவே வீட்டிலேயே சோதனைகள் செய்தார். கம்பியில் கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும் என்று 1840-களின் தொடக்கத்தில் காட்டினார். சூடாகி வீணாவதைக் குறைக்கத்தான் மின்சாரத்தை அதிக வோல்ட்டில், குறைந்த கரன்ட்டில் அனுப்புகிறார்கள். அந்த 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கத்தான் தெருவில் டிரான்ஸ்பார்மர்.

நீண்ட இரும்பு

அடுத்து, இரும்பைக் காந்தமாக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தார். அது துளியூண்டு நீண்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் நெம்புகோல், மைக்ராஸ்கோப் வைத்து அளந்தார். இரும்பு பெருத்துவிட்டதா? தண்ணீர் நிரப்பிய குழாய்க்குள் வைத்துச் சோதித்தார், நீர்மட்டம் ஏறவில்லை. அதாவது நீண்ட அளவுக்கு இளைத்திருக்கிறது. இதற்கு இன்றைய பெயர் மேக்னெட்டோஸ்டிரிக்‌ஷன்.

டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகளுக்கும் இதே கதிதான். காந்தம் எந்தத் திசையில் இருந்தாலும் இரும்பு நீளும். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 100 முறை நீண்டு சுருங்கும். அதுதான் அந்த 'உம்ம்'.

சத்தத்தைக் குறைக்க முடியுமா?

முழுசாக நிறுத்துவது கஷ்டம், குறைக்கலாம். தகடு எவ்வளவு நீளும், டேங்க் சுவர் எப்படி அதிரும், சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று தயாரிக்கும் முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். சிலிக்கான் கலந்த தகடு, படிப்படியாக அடுக்கிய இணைப்பு, அடியில் ரப்பர் பேட் எல்லாம் கைகொடுக்கும். ஒரே சீரான இரைச்சல் பழுது இல்லை. 'படபட'வென்று தீப்பொறி வந்தால் கிட்டப் போகாமல் மின்னகத்துக்கு போன் போட வேண்டும்.

1885-ல் புடாபெஸ்டில் நடைமுறைக்கு ஏற்ற டிரான்ஸ்பார்மர் வந்தபோது ஜூலுக்கு வயது 66. ஆலையை எப்போதோ விற்றாச்சு. கையில் காசில்லாமல், 1878-லிருந்து அரசு தந்த வருடம் 200 பவுண்டு பென்ஷனில் இருந்தார். 1889 அக்டோபர் 11-ல் இறந்தார். கல்லறையில் 772.55 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரும்பு நீண்ட கணக்கு இல்லை அது. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடேற்ற எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று அவர் அளந்த கணக்கு.