ஒரு கை இல்லாத மேஜர்

புவியியல் பாடத்தில் சமஉயரக் கோடு வந்தாலே நமக்குத் தலை சுத்தும். அந்தக் கோடுகளை அமெரிக்கப் பாலைவனத்துக்குக் கொண்டு போனவர்களில் முக்கியமானவர் ஜான் வெஸ்லி பவல். பிறந்தது 1834-ல், நியூயார்க் மாநிலத்தில். உள்நாட்டுப் போரில் 1862-ல் ஷைலோ என்ற இடத்தில் குண்டடிபட்டு வலது கையை இழந்தார். வேற யாராவதா இருந்தா வீட்டோட இருந்திருப்பாங்க!

1869 மே 10-ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை முடிந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் பவல், கிரீன் ரிவர் என்ற ரயில் ஊரிலிருந்து ஒன்பது பேரோடு நான்கு படகுகளில் கிளம்பிவிட்டார். படகுகள் சிகாகோவிலிருந்து ரயிலில் வந்தவைதான். கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி அப்போ வரைபடத்தில் வெறும் வெள்ளை. வழியில் ஒரு படகு பாறையில் மோதி நொறுங்கிச்சு. கடைசியில் மூன்று பேர் இனி முடியாதுன்னு கரை ஏறிப் போனார்கள். அவங்க உயிரோடு திரும்பவே இல்லை.

கிரீன் ரிவர் கதையும் கேளுங்க. ரயில் கம்பெனி இன்ஜின் மாற்றும் நிலையத்தை முதலில் பக்கத்திலிருந்த பிரையனில் வைத்தது. ஜனங்களும் அங்கே போயிட்டாங்க. 1871-ல் பவல் மறுபடி வந்தப்போ கிரீன் ரிவர் களையிழந்து கிடந்தது. ஆனா பிரையன் ஓடை வறண்டுபோச்சு. நீராவி இன்ஜினுக்குத் தண்ணி வேணுமே! 1872-ல் கம்பெனி கிரீன் ரிவருக்கே திரும்பியது. பிரையன் ஆளில்லா ஊராச்சு.

பாலைவனத்தில் ஊரைத் தீர்மானிப்பது தண்ணீர்தான் என்பதை பவல் 1878-லேயே அறிக்கையா எழுதிக் கொடுத்தார். வருஷத்துக்கு 20 அங்குல மழைகூட இல்லாத இடத்தில் பாசனம் இல்லாமல் விவசாயம் நம்ப முடியாது என்பது அவர் கணக்கு. 1881-ல் நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரானதும் நாடு முழுவதற்கும் தலப்படம் போடும் வேலையைத் தொடங்கினார். மூணே நிறம். மேடு பள்ளம் பழுப்பு, தண்ணீர் நீலம், ரயில் பாதையும் வீடுகளும் கறுப்பு. கறுப்புக்குப் பக்கத்தில் நீலம் இல்லைன்னா அந்த ஊர் கஷ்டம்தான்!

நிலம் விற்கிறவங்களுக்கு இது பிடிக்குமா? 1890-ல் பாசன ஆய்வுக்கான பணத்தை நாடாளுமன்றம் நிறுத்தியது. 1893-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கூட்டத்தில், இருக்கிற நிலத்துக்கெல்லாம் தண்ணீர் போதாதுன்னு சொன்னார். கூச்சல் போட்டாங்க. அவர் பின்வாங்கலை. அடுத்த வருஷம் பதவியிலிருந்து விலகினார். 1902-ல் மெய்ன் மாநிலத்தில் இறந்தார். ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.