குளிரைத் தேடிய பேராசிரியர்

கடைத்தெருவில் படியையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரையிடுவதை நாம் அறிவோம். மின்சாரத்தின் வோல்ட்டைச் சரிபார்ப்பது எதைக் கொண்டு? பல்லாண்டுகள் ஒருவகை மின்கலமே அளவுகோலாக இருந்தது. அசைத்தாலும் சூடேறினாலும் அதன் அளவு சற்று மாறிவிடும். இன்றோ, கடுங்குளிரில் வைத்த நயோபியச் சில்லு ஒன்று அவ்வேலையைச் செய்கிறது. அக்குளிருக்கு வழி திறந்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைக்கே காமர்லிங் ஓனஸ்.

1853 செப்டம்பர் 21-ல் குரோனிங்கன் நகரில், செங்கல் சூளை உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 29 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சரியாக அளந்தால்தான் அறிவு வளரும் என்பது அவர் கொள்கை.

வாயுக்களைத் திரவமாக்க அவர் பெரிய இயந்திரங்களை நிறுவினார். ஊரார் அஞ்சினர். அஞ்சியதிலும் நியாயம் உண்டு: அவரது ஆராய்ச்சிக்கூடம் நின்ற இடமே, 1807-ல் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தரைமட்டமான பகுதி! 1895-ல் வேலை தடைப்பட்டது. அனுமதி வரச் சுமார் மூன்றாண்டுகள் பிடித்தன. 1898-ல் லண்டனில் ஜேம்ஸ் டுவார் ஹைட்ரஜனைத் திரவமாக்கி முந்திக்கொண்டார்.

ஓனஸ் மனந்தளரவில்லை. கண்ணாடி ஊதவும் கருவி செய்யவும் இளைஞர்களைப் பழக்கினார். 1908 ஜூலை 10 அன்று அதிகாலையில் தொடங்கிய சோதனை இரவுவரை நீண்டது. ஹீலியம் திரவமாகியும் எவர் கண்ணிலும் படவில்லை. பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர் சொன்ன பின்பு, அடியிலிருந்து ஒளி காட்டியபோதுதான் அதன் மேற்பரப்பு தெரிந்தது. அதன் வெப்பநிலை சுமார் மைனஸ் 269 டிகிரி சென்டிகிரேட்.

1911 ஏப்ரல் 8-ல், அக்குளிரில் பாதரசத்தின் மின்தடை மறைந்துபோகக் கண்டனர். அளந்தவர் கில்லஸ் ஹோல்ஸ்ட். குளிர் இயந்திரங்களைக் கவனித்தவர் ஃப்ளிம். கட்டுரையிலோ ஓனஸின் பெயர் மட்டுமே. அக்கால வழக்கம் அதுதான் என்றாலும், படிக்கையில் நமக்கு மனம் ஒப்பவில்லை. 1913-ல் ஓனஸ் நோபல் பரிசு பெற்றார். 1926 பிப்ரவரி 21-ல் காலமானார்.

1962-ல் கேம்பிரிட்ஜ் மாணவர் பிரையன் ஜோசப்சன், இத்தகைய மின்தடையற்ற இரு உலோகங்களின் நடுவே மெல்லிய தடுப்பு இருந்தாலும் மின்னோட்டம் பாயும் என்று கணக்கிட்டார். அந்தச் சந்தியில் நுண்ணலை பட்டால் எழும் மின்னழுத்தத்தை, அலையின் அதிர்வெண்ணைக் கொண்டே துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஒரு சந்தி தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே பல்லாயிரம் சந்திகளை ஒரே சில்லில் தொடராக இணைக்கின்றனர். அத்தனைக்கும் நுண்ணலை சமமாகப் போய்ச்சேர வேண்டும். சில்லை வடிவமைப்போருக்குப் பெரிய தலைவலி அதுதான். வேலை முடிந்த சில்லை, ஓனஸ் கண்ட அந்தத் திரவ ஹீலியத்தில்தான் அமிழ்த்தி அளந்தனர்.