இரு மொழியாளர் ஆனந்தரங்கப் பிள்ளை

நீங்கள் டைரி எழுதுவீங்களா? நான் போன வருசம் ஒன்பது நாள் எழுதிட்டு விட்டுட்டேன். ஆனா ஒருத்தர் இருபத்தைந்து வருசம் எழுதினார். அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

1498ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியதை சமூக அறிவியலில் படித்திருக்கிறோம். அதன் பிறகு போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் என்று வரிசையாக வந்தார்கள். 1607ல் அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் என்ற குடியேற்றத்தை அமைத்ததும் ஒரு வியாபாரக் கம்பெனிதான். அதே போல பாண்டிச்சேரியை ஆண்டது பிரெஞ்சுக் கம்பெனி. கடையும் அவங்களே, கோர்ட்டும் அவங்களே, ஜெயிலும் அவங்களே!

ரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று சென்னை பெரம்பூரில் பிறந்தார். அப்பா திருவேங்கடம் பிள்ளை. அப்பாவின் மச்சான் நயினியப்பப் பிள்ளை பாண்டிச்சேரியில் கம்பெனிக்குத் தலைமை துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். அவர் கூப்பிட்டதால் இவர்கள் குடும்பமும் அங்கே போனது. ஆனால் 1716ல் கவர்னர் நயினியப்பரைப் பிடித்து ஜெயிலில் போட்டார். சவுக்கடியும் கொடுத்தார்கள். 1717ல் ஜெயிலிலேயே இறந்துவிட்டார். பிறகு பிரான்சில் முறையிட்டதில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. செத்த பிறகு வந்து என்ன பிரயோசனம்?

அப்போது ரங்கப் பிள்ளைக்கு எட்டு வயசு. அந்தப் பையன் பெரியவனாகி அதே கம்பெனியில் வேலை பார்த்தார். பரங்கிப்பேட்டையில் கம்பெனி வியாபாரத்தைக் கவனித்தார். நெசவாளிகளுக்கு முன்பணம் கொடுத்து, துணி வாங்கி, கப்பலில் ஏற்றி அனுப்புவதுதான் வியாபாரம். துணி சரியில்லை என்றால் கழித்துவிடுவார்கள். எங்க அப்பா பருத்தி மூட்டையை எடை போடக் கொண்டு போகும்போது முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்த நெசவாளிகளும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

1747ல் கவர்னர் டூப்ளே இவரைத் தலைமை துபாஷ் ஆக்கினார். பல்லக்கு, சொந்தக் கப்பல் எல்லாம் இருந்தது. ஆனாலும் 1748ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகை இட்டபோது, பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். ஊரே இவரைத்தான் நம்பியிருந்தது. இவரால் தடுக்க முடியவில்லை. எவ்வளவு பெரிய பதவியாக இருந்தாலும் அதிகாரம் கம்பெனிக்காரன் கையில்தான் என்று இதிலிருந்து தெரிகிறது.

பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சண்டை நம்ம பக்கமும் வந்தது. 1751ல் நம்ம ரஞ்சன்குடி கோட்டைக்குப் பக்கத்தில் வாலிகண்டபுரத்தில் போர் நடந்தது. சுற்றுலா போனபோது கோட்டை மேல ஏறி விளையாடினோமே, அங்கேதான்!

1736 செப்டம்பரில் ஆரம்பித்து கடைசி வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன விலை, யாருக்குத் தண்டனை, ஊரில் என்ன பேச்சு, எல்லாம் பேச்சுத் தமிழிலேயே எழுதினார். டூப்ளே 1754ல் பிரான்சுக்குப் போய்விட்டார். 1756ல் இவர் பதவியும் போனது. ஆனால் எழுதுவதை மட்டும் விடவில்லை. 1761 ஜனவரியில் இறந்தார். சில நாளில், ஜனவரி 16ல், பாண்டிச்சேரி ஆங்கிலேயர் வசம் ஆனது.

கவர்னர்கள் போய்விட்டார்கள், கம்பெனியும் போய்விட்டது. 1846ல் கண்டெடுக்கப்பட்ட அந்த நாட்குறிப்பு மட்டும் நிலைத்துவிட்டது. இல்லாவிட்டால் அந்தக் காலத்தை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்ததிலிருந்து மட்டுமே நாம் தெரிந்துகொண்டிருப்போம். பாண்டிச்சேரியில் அவர் வீடு இன்றும் இருக்கிறது. ஒரு வீதிக்கும் அவர் பெயர்தான்.

எங்க அப்பா பருத்திக் கணக்கை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். இனிமேல் அதைக் கிழித்துப் போடாமல் ஒரு நோட்டில் ஒட்டி வைக்கப் போகிறேன். என் டைரியையும் பத்தாவது நாளிலிருந்து தொடரப் போகிறேன். நீங்களும் எழுதுங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவி