வெறுங்காலோடு கிளாஸ்கோ போன முகமது சலீம்!

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று ஆள் போகாத தெரு நம் பக்கம் குறைவு. போனவர் சில மாதத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் ஊர் என்ன பேசும் என்பதும் உங்களுக்குத் தெரியும். தாக்குப்பிடிக்க முடியாம ஓடி வந்துட்டான் என்று டீக்கடை பெஞ்சிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஏன் வந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

அப்படித் திரும்பி வந்த ஒரு கால்பந்து வீரரின் கதை இது. பெயர் முகமது சலீம். ஐரோப்பிய கிளப் ஒன்றின் சட்டையைப் போட்டு ஆடிய முதல் இந்தியர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அதுவும் எப்படி? காலில் பூட்ஸே இல்லாமல்!

1904-ல் கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் பிறந்தவர் சலீம். ஆங்கிலேயர்கள் அவத் நாட்டைப் பறித்துக்கொண்ட பிறகு நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கிய இடம் அது. பக்கத்திலேயே கிதர்பூர் துறைமுகம். வசதியான குடும்பமில்லை, படிப்பும் பெரிதாக ஏறவில்லை. ஆனால், அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது அந்த ஊரே கொண்டாடிய ஒரு சம்பவம் நடந்தது. 1911 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில், வெள்ளைக்கார ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை மோகன் பகான் 2-1 என்று தோற்கடித்தது. மோகன் பகான் ஆட்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள். துரைமார்களை வெறுங்காலாலேயே ஜெயிக்கலாம் என்று தெரிந்த பிறகு கொல்கத்தாப் பையன்கள் சும்மா இருப்பார்களா?

சலீமும் சும்மா இருக்கவில்லை. வலது ஓரமாகப் பந்தைக் கடத்திக்கொண்டு ஓடி, கோல் அருகே நிற்பவரின் காலுக்குத் தட்டிக்கொடுப்பதில் கெட்டிக்காரர். சில கிளப்புகள் மாறி, கடைசியில் முகமதன் ஸ்போர்ட்டிங்கில் நிலைத்தார். அந்த அணி 1934-ல் கல்கத்தா லீக்கை வென்றது. அதுவரை அந்தக் கோப்பையை எந்த இந்திய கிளப்பும் தொட்டதில்லை. அதோடு விடாமல் 1938 வரை வரிசையாக ஐந்து வருடம்! இதில் ஒரு வேடிக்கை, மழை பெய்து மைதானம் சேறானால் பூட்ஸ் மாட்டி ஆடுவதும் இந்த அணியின் வெற்றிக்கு ஒரு காரணம். சலீமுக்கு மட்டும் வெறுங்கால்தான் தோது.

1936-ல், பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் சில ஆட்டங்கள் ஆடியது. அதில் முதல் ஆட்டத்தில் சலீம் பிரமாதப்படுத்தினார். அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் காணோம். இங்கிலாந்தில் இருந்த உறவினர் ஒருவர், இந்த ஆட்டத்தை அங்கே வந்து காட்டு என்று பேசிப் பேசி மனதை மாற்றிக் கப்பல் ஏற்றிவிட்டிருந்தார். அப்போது சலீமின் வயது 32 என்பதைக் கவனியுங்கள். பந்தாட்டக்காரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது!

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரின் செல்டிக் கிளப் வாசலில் போய் நின்றார்கள். மேனேஜர் வில்லி மேலி. கிளப் தொடங்கிய காலத்தில் அதில் வீரராக ஆடி, பிறகு நாற்பது வருடமாக அதை நடத்திக்கொண்டிருந்த மனிதர். இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஆனால் பூட்ஸ் போடமாட்டார் என்று அந்த உறவினர் சொன்னதும் மேலிக்குச் சிரிப்பு வந்ததாம். வராமல் இருக்குமா? எதிரில் ஆடப்போவது ஆணி அடித்த கனமான பூட்ஸ் போட்ட தொழில்முறை வீரர்கள். ஒரு மிதி போதும், விரல் போய்விடும். ஆனாலும் பார்த்துவிடுவோம் என்று சோதனைக்கு ஒப்புக்கொண்டார். மேலியின் பெரிய மனசு அங்கேதான் தெரிகிறது.

சோதனையில் தேறி, அலையன்ஸ் லீக் என்ற ரிசர்வ் அணிகளின் போட்டியில் களம் இறங்கினார் சலீம். ஹாமில்டன் அணியோடு ஆடியதில் செல்டிக் 5-1 என்று ஜெயித்தது. ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டன் அணியோடு 7-1. அந்த ஏழில் மூன்று கோல், சலீம் எடுத்துக்கொடுத்த பந்தில் விழுந்தவை என்று பத்திரிகை எழுதியது. பந்து அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, கழைக்கூத்தாடி வித்தை காட்டுகிறார் என்ற கணக்கில் வர்ணித்தார்கள். பாராட்டுதான். ஆனால், இந்தியன் என்றாலே வித்தைக்காரன் என்ற பார்வையும் அதில் ஒளிந்திருக்கிறது, இல்லையா?

அந்த நாளின் ஒரு புகைப்படம் இருக்கிறது. செல்டிக்கின் பழைய நட்சத்திரமும் அப்போதைய பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனெமி, குனிந்து சலீமின் பாதத்துக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருப்பார். நம் நாடு அப்போது அடிமை நாடு. ஒரு வெள்ளைக்காரர் இந்தியனின் காலடியில் குனிந்திருக்கிற படத்தை 1936-ல் வேறு எங்கே பார்த்திருக்க முடியும்?

இவ்வளவு கிடைத்த பிறகு என்ன செய்திருப்பீர்கள்? அங்கேயே இருந்திருப்பீர்கள்தானே? சலீமால் முடியவில்லை. வீட்டு ஞாபகம் வாட்டியது. இரு, இந்த சீசன் முடியட்டும் என்று கிளப் கெஞ்சியும் கேட்கவில்லை. அவருக்காக ஒரு ஆட்டம் நடத்தி வசூலில் ஐந்து சதவிகிதம் தருகிறோம் என்றார்களாம். அதை அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம் மனிதர். செல்டிக்கே கிளாஸ்கோவின் ஏழை ஐரிஷ் குடும்பங்களுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவதற்காக 1887-ல் ஒரு துறவற சகோதரரின் முயற்சியில் பிறந்த கிளப்தான். சலீமுக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ, கொடுத்த இடம் பொருத்தமான இடம்.

ஊர் திரும்பியவர் முடங்கிவிடவில்லை. மறுபடி முகமதன் சட்டை, மறுபடி லீக் கோப்பை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற இந்திய அணியிலும் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில்தான் ஆடினார்கள். 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா பத்து கோல் போட்ட பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. சலீமின் ஆட்டத்துக்கு அதன் பிறகு இடமே இல்லை. அவர் பெயரும் மெல்ல மறந்துபோனது.

கிளாஸ்கோவில் மறக்கவில்லை. 1967-ல் ஐரோப்பியக் கோப்பையையே வென்று உலகப்புகழ் பெற்றுவிட்ட செல்டிக்குக்கு, பல வருடம் கழித்து சலீமின் மகன் ஒரு கடிதம் போட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியத்துக்குப் பணம் வேண்டும் என்று. உண்மையில் பணம் தேவைப்படவில்லை. சில மாதமே இருந்து, ரிசர்வ் அணியில் ஆடிவிட்டுப் போன ஒருவரை அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுதினார். பதில் வந்தது. உள்ளே நூறு பவுண்டுக்கு ஒரு பேங்க் டிராஃப்ட்.

1980-ல் கொல்கத்தாவில் சலீம் காலமானார். அந்த டிராஃப்ட்டைப் பணமாக்காமல் அப்படியே பத்திரப்படுத்தி வைத்துவிட்டார் மகன்.