கடைத்தெருவைப் படித்த ஆசிரியர்

கல்கத்தாவில் ரசாயனம் பயிலும் என் போன்றோர் நாள்தோறும் நடக்கும் சாலைக்கு ஆச்சாரிய பிரபுல்ல சந்திரர் சாலை என்று பெயர். அதன் 92ஆம் எண்ணில் விஞ்ஞானக் கல்லூரி இருக்கிறது. அடுத்த எண்ணாகிய 91இல்தான், 1892இல், 700 ரூபாய் முதலுடன் பெங்கால் கெமிகல் பிறந்தது. படிப்பு முடிந்ததும் தொழில் தொடங்குவோம் என்று விடுதி அறையில் இரவெல்லாம் பேசுகிறோமே, நமக்கு இவர் வரலாறு நல்லதொரு பாடம்.

பிரபுல்ல சந்திர ராய் 1861 ஆகஸ்டு 2ஆம் நாள், இன்று வங்க தேசத்திலுள்ள ராருளி கிராமத்தில் பிறந்தார். கில்கிறிஸ்ட் உதவிச் சம்பளம் பெற்று எடின்பரோவுக்குச் சென்று, 1887இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1889இல் பிரசிடென்ஸி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் உதவிப் பேராசிரியரானார். படித்த இளைஞர் குமாஸ்தா வேலைக்கு அலைவதும், மருந்துக் குப்பிகள் கப்பலில் வந்து இறங்குவதும் அவர் மனத்தை வருத்தின.

ஆனால் வருத்தம் வேறு, தொழில் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். எந்தச் சரக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதன் மூலப்பொருள் இங்கே கிடைக்குமா, கிடைத்தாலும் விலை கட்டுமா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் செய்து பார்த்தார். பழம் போதிய அளவில் மலிவாகக் கிடைக்கவில்லை. உவர்மண்ணிலிருந்து சோடா எடுக்க நினைத்தார். இங்கிலாந்தின் பிரன்னர் மாண்ட் கம்பெனி விற்ற விலையோடு போட்டியிட இயலாதென்று கண்டார். இரண்டையும் தயங்காமல் கைவிட்டார். செய்ய முடியும் என்பதாலேயே ஒன்றைச் செய்துவிடலாகாது என்பதை அவர் அப்போதே கற்றுக்கொண்டார்.

பிறகு எலும்பைக் கண்டார். ராஜாபஜார் கசாப்புக் கடைகளில் அது மலிவு. மூட்டை மூட்டையாக வாங்கி மொட்டை மாடியில் உலர்த்தினார். மழை பிடித்துக்கொண்டது, எலும்பு நாறிப் புழுத்தது, காகங்கள் மொய்த்தன, அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தனர். ஊருக்கு வெளியே கொண்டுபோய் இரவில் எரித்தபோது, பிணத்தை எரிக்கிறார்களோ என்று போலீஸார் ஐயுற்றனராம்! அந்தச் சாம்பலில் கந்தகத் திராவகம் சேர்த்துச் சூப்பர் பாஸ்பேட்டும், அதிலிருந்து சோடியம் பாஸ்பேட்டும் செய்தார்.

இங்கே ஓர் உண்மை விளங்கிற்று. எந்த ரசாயனத் தொழிலுக்கும் கந்தகத் திராவகமே தாய். அதுவோ கனமானது, அரிக்கும் தன்மையுடையது. கப்பலில் கொண்டுவரச் செலவும் ஆபத்தும் மிகுதி. ஆகவே இங்கேயே மலிவாகச் செய்பவன் நிலைப்பான். நெடுநாள் திட்டத்துக்கு இதுவே அடிப்படையாயிற்று. விற்பனைக்கு மற்றொரு வழியும் கண்டார். டாக்டர் அமூல்ய சரண் போஸ் என்ற நண்பர் மருத்துவர்களை அணுகி ஆதரவு தேடினார். நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த ஓமமும் ஆடாதோடையும் ஓமத் தண்ணீராகவும் பாகாகவும் குப்பியில் ஏறின.

இத்தனை கணக்கிலும் அடங்காதது மரணம். கூட்டாளியாகச் சேர்ந்த இளம் ரசாயனப் பட்டதாரி சதீஷ் சந்திர சின்ஹா, ஹைட்ரோசயனிக் அமில விபத்தில் மாண்டார். 1898இல் பிளேக் நோய் அமூல்ய சரணையும் கொண்டுபோயிற்று. தனித்து நின்ற பேராசிரியர், பகலில் பாடம், மாலையில் தொழில் என்று சுமையைத் தாங்கினார். 1901இல் அது 2 லட்ச ரூபாய் மூலதனமுள்ள லிமிடெட் கம்பெனியாயிற்று. 1905இல் மாணிக்தலாவில் ஆலை எழுந்தது.

1916இல் விஞ்ஞானக் கல்லூரிக்கு வந்தவர் அங்கேயே ஓர் அறையில் வாழ்ந்தார். 60 வயதுக்குப் பின் தம் சம்பளத்தைக் கல்லூரிக்கே விட்டுக்கொடுத்தார். 1944 ஜூன் 16இல் மறைந்தார்.

அவருக்குப் பின் கம்பெனி நொடித்தது; 1977இல் அரசு நிர்வாகத்தை ஏற்றது, 1980இல் நாட்டுடைமையாக்கியது. ஒருமுறை ஆராய்ந்து வகுத்த திட்டம் எல்லாக் காலத்துக்கும் போதாது, சந்தை மாறும்போதெல்லாம் மீண்டும் படிக்க வேண்டும் என்றே நான் இதற்குப் பொருள் கொள்கிறேன்.

நண்பர்களே, நாமும் தொழில் தொடங்குவோம். ஆனால் பெயர்ப்பலகை எழுதுமுன் ஒருநாள் ராஜாபஜார் கடைத்தெருவில் நடந்து, என்ன விற்கிறது, எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம்.